வண்டியோடு சேர்த்து

பிலோமி,
ஆர்.சி. புத்தகம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, மாற்றுச்சாவியும்.
இன்சூரன்ஸ் தை மாதம் வரை.
உச்சிப்புளி தொடங்கிப் பாம்பன் வரை
இனி மீட்டர் பார்க்கப் போகிறவள் நீ.
எனக்கு நாற்காலி கொடுத்துவிட்டார்கள்.

எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாய், நல்லது.
அந்த மைதானத்தில் காற்று கிடையாது,
ஆடும் கிடையாது.

ஒரு ஆடு கடந்துவிட்டதே என்று முறுக்காதே.
கருவேலங்காட்டு ஓரத்தில் நின்று
இன்னொன்று யோசித்துக்கொண்டிருக்கும்.
பிரேக் அதற்காக.

இருமேனி தாண்டினால் சில நாள்
சலித்துக் கொட்டிய மாவுபோல ரோட்டில் மணல் கிடக்கும்.
ஏறுமுன் வேகத்தைக் குறை.
ஏறிய பிறகு ஒன்றும் செய்யாதே;
பிடிக்காதே, திருப்பாதே, மூச்சை மட்டும் விடு.
வண்டி கொஞ்சம் இடுப்பை ஆட்டும்.
ஆட்டட்டும்.

வேதாளையில் பச்சைக்கதவு வீட்டு நாய்க்கு
டயர்மேல்தான் கோபம், உன்மேல் இல்லை.
காலைத் தூக்கினால் விழுவது நீ.
அந்த வீட்டு மீட்டர் பின்பக்கம் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

சைடு ஸ்டாண்டு மணலில் இறங்கும்.
பெட்டிக்குள் பழைய மீட்டர் மூடி ஒன்று வைத்திருக்கிறேன்,
அடியில் கொடுத்து நிறுத்து.
துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்; சக்கரத்துக்குக் கண் கிடையாது.

பாலம்.
காற்றின் பெயர்களைத் தங்கச்சிமடத்துக்காரிக்கு
நான் சொல்லித்தர வேண்டியதில்லை.
பாம்பனுக்குப் போகையில் வாடை இடப்பக்கம் அறையும்,
சோழகம் வலப்பக்கம்.
சோழகத்தில்தான் கவனம்.
உனக்கே தெரியாமல் காற்றின்மேல் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பாய்,
சுவரில் சாய்ந்து நிற்பதுபோல.
எதிரே மதுரை பஸ் வரும்,
ஒரு நொடி சுவரை உருவிவிடும்.
வண்டி பஸ்ஸை நோக்கித் தாவும்.
பஸ் போனதும் சுவர் திரும்பி வந்து தோளில் இடிக்கும்.
பஸ் தூரத்தில் தெரியும்போதே இடது ஓரம் ஒதுங்கு,
முப்பதுக்குக் குறை.
தோளை இறுக்காதே.
நடுப்பாலத்தில் கார் நிறுத்தியிருப்பார்கள், கடல் பார்க்க.
கடலை நீ பார்த்தாயிற்று.
கார்க்கதவைப் பார்.

வண்டி கண் போகும் பக்கம் போகும்.
பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குத்தான் கூட்டிப்போகும்,
பக்கத்தில் மூன்று முழம் நல்ல ரோடு இருந்தாலும்.

இடது பக்கக் கண்ணாடி ஏன் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று கேட்டாய்.
ஆடு குறுக்கே வந்தது என்றேன்.
ஆபீஸிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன்.

ஆடு இல்லை.
மரைக்காயர்பட்டினம் வளைவு, காலை ஏழே கால்.
முன்னால் மீன் லாரி,
பின்கதவு வழியாக ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது.
கறுப்பு ரோட்டில் கறுப்பாகத்தான் தெரிந்தது.
லாரி நின்றது,
நான் முன்பிரேக்கை மட்டும் முழுசாகப் பிடித்தேன்.
அவ்வளவுதான்.
முழங்கையில் செதிலோடு எழுந்தேன்.
டீக்கடையில் இருந்தவர்கள் வண்டியைத் தூக்கினார்கள்,
ஒருவர் ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தார்,
எல்லோரும் ஆட்டைத் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.
நீ மட்டும் தெரிந்துகொள்:
மீன் லாரிக்குப் பின்னால் ஐந்து மின்கம்ப தூரமாவது விடு.
இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக,
பால் பொங்கும்போது அடுப்பைக் குறைப்பதுபோல.

கடைசியாக செயின்.
உப்பு இரும்பைத் தின்னும், சத்தமே இல்லாமல்.
வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி,
காய்ந்ததும் எண்ணெய் விடு.
குடம் பதினைந்து ரூபாய் விற்கிற ஊரில்
வண்டிக்கா தண்ணீர் என்று உன் மாமியார் கேட்பார்,
என் வீட்டிலும் கேட்டார்கள்.
அரைக்குடம் போதும்.

முப்பத்திரண்டாயிரம் பேசியிருந்தோம்.
ஐந்நூறு குறைத்துக் கொடு.
அது உனக்கு இல்லை, தண்ணீருக்கு.

மங்களேஸ்வரி